நீலக் கதவு வரை கதைத்தவள்

என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை என்று அவளுடைய ரீச்சர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. காலையில் கண் விழிக்கும்போதே ஏதோ ஒரு கதையின் நடுவில்தான் விழிப்பாள். குளிக்கும்போது சவர்க்காரத்தோடு கதைப்பாள். சாப்பிடும்போது இடியப்பத்துக்குப் புத்தி சொல்லுவாள். காரில் ஏற்றினால், ரொறொன்ரோவில் நாங்கள் இருக்கிற ரூஜிலிருந்து மார்க்கம் போய்ச் சேரும்வரை பின் சீட்டில் ஒரு வானொலி நிலையமே நடக்கும். ரீச்சர் வேறு யாருடைய பிள்ளையையோ நினைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ரீச்சர் சிரிக்கவில்லை. நத்தார் விடுமுறை முடிந்து வந்த முதல் கிழமையிலிருந்து இப்படித்தான் என்றார். அதற்கு முன்பும் மெல்லிய குரல்தானாம், ஆனால் குரல் இருந்ததாம். இப்போது பெயர் கூப்பிட்டாலும் பதில் இல்லை. வாஷ்ரூமுக்குப் போகவேண்டும் என்று கேட்கக்கூட வாய் வராமல், இரண்டு தடவை உடுப்போடேயே போய்விட்டு, யாருக்கும் காட்டாமல் கதிரையில் இருந்திருக்கிறாள். அந்த ஈர உடுப்பு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவிருந்தது. இரண்டு முறையும் கழுவிப் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் அடுத்த பஸ்ஸில் வந்துவிடும். எங்களுடைய ஆட்கள் மத்தியில் சத்தம் போடாத பிள்ளையைத்தான் நல்ல பிள்ளை என்பார்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் பிள்ளையைத் தடவிக் கொடுப்பார்கள், இதைப் போய் ஒரு நோய் வருத்தம் மாதிரிச் சொல்கிறீர்களே என்று கேட்டேன். ரீச்சர் பொறுமையாகச் சொன்னார்: அமைதியான பிள்ளை கேட்டால் தலையாட்டும், சிரிக்கும், படம் கீறிக் காட்டும். உங்கள் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒரு நாள் புது ரீச்சர் ஒருவர் வந்து அவளிடம் பெயர் கேட்டபோது, வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "ஷீ டஸ்ன்ற் ரோக்" என்று சொன்னார்களாம். அவள் கதைக்காதவள். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளுக்கு அப்படி ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள்.

அதற்குத்தான் பயப்படுகிறேன் என்றார் ரீச்சர். இப்போது அது ஒரு பயம் மட்டும்தான். கொஞ்சக் காலம் போனால் அவளே அதுவாகிவிடுவாள். சின்னப் பிள்ளைகளின் மனதையும் நடத்தையையும் பார்ப்பதற்கென்று ஒரு ஊழியர், நாங்கள் வேக்கர் என்போம், பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், அவரிடம் ஒரு இடம் இருக்கிறது, படிவத்தில் கையெழுத்து வைத்தால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன் ஏதாவது செய்யலாம். இல்லையென்றால் அடுத்த வருடம், முதலாம் வகுப்பில், நீளமான வரிசையில் காத்திருக்கவேண்டும். படிவத்தை என் கையில் தந்தார். அதைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வீட்டில் காது கிழியக் கத்துகிறவள் பள்ளிக்கூடத்தில் எந்த இடத்தில் ஊமையாகிறாள்?

அந்த நாட்களில் நான் மார்க்கத்தில் ஒரு விசுக்கோத்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பகுதியில் வேலை செய்தேன். பைக்கற்றுக்குள் விசுக்கோத்து வெடித்திருந்தால் அது எந்த மாவில் வந்தது, எந்த அடுப்புக்குள் போனது, எவ்வளவு நேரம் ஆறியது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது என் வேலை. கொப்பி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். காரணம் இல்லாமல் எதுவும் வெடிக்காது என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே ஒரு கிழமை லீவு போட்டேன். வழக்கமாக மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போய்வரும் பேபிசிற்றர் அன்ரியிடம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

ஐந்து நாளும் அவளுக்குப் பக்கத்தில் நடந்து எங்கெங்கே குரல் எப்படி இருக்கிறது என்று எழுதினேன். வீட்டு வாசலில் முழுச் சத்தம். தபால்பெட்டிகள் இருக்கிற மூலையிலும் முழுச் சத்தம். தெருவைக் கடக்கிற இடத்தில் சத்தம் பாதியாகும். பள்ளிக்கூடத்துக் கம்பிவேலி தொடங்கியதும் குசுகுசுப்பு. மழலையர் வகுப்புக்குத் தனியாக ஒரு நீலக் கதவு இருந்தது. அந்தக் கதவுக்கு ஐந்தாறு அடி முன்னால் வாய் மூடும். தோள் மேலே போகும். ஒரு நாள் அவள் ஒரு வசனத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, பின்னேரம் நீங்கள் வரேக்கை என்ர" என்று தொடங்கினாள், கதவு வந்தது, மிச்சத்தைச் சொல்லவில்லை. பின்னேரம் அதே கதவால் வெளியே வந்தாள். கம்பிவேலி முடிகிற இடத்தில் குசுகுசுத்தாள். தெருவைக் கடந்ததும், "பிங்க் மிற்றன் கொண்டு வாங்கோ எண்டு சொல்ல வந்தனான்" என்று, கையுறை கேட்கத் தொடங்கிக் காலையில் விட்ட வசனத்தைச் சொல்லி முடித்தாள். ஆறு மணித்தியாலம் அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். அழுகை வரவேண்டிய இடத்தில் ஆச்சரியம்தான் வந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவளிடமே கேட்டேன்.

"ஏன் பிள்ளை பள்ளிக்கூடத்திலை கதைக்கிறேல்லை?"

"என்ர வொய்ஸ் அங்கை வராது அம்மா."

"அப்ப அது எங்கை நிக்குது?"

"டோருக்கு வெளியிலை."

"ஏன் உள்ளுக்கை வராதாம்?"

"எனக்குத் தெரியாது. நீங்கள் அதிட்டைக் கேளுங்கோ" என்றாள்.

என் கணவருக்கு விற்பியில் ஒரு கிடங்கில் வேலை. அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே டவுன்ரவுனுக்குப் போய்விடுவார். இலங்கையில் நடந்த யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்ற நாட்கள் அவை. பதாகை பிடித்த கை விறைக்க வீட்டுக்கு வருகிற மனிதரிடம் நான் நீலக் கதவைப் பற்றிச் சொன்னேன். "நானும் சின்னனிலை அப்பிடித்தானப்பா. பிறகு கதைக்கேல்லையோ?" என்றார். சாப்பிட்டுக்கொண்டே ரிவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவருடைய அக்கா, என் மச்சாள், படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு மார்க்கத்திலிருந்து அன்றைக்கே வந்துவிட்டார்.

"உமக்கென்ன விசரோ? பிள்ளையின்ர பேரிலை ஒரு ஃபைல் திறந்தாங்கள் எண்டால் பிறகு அதை மூடேலாது. மனநிலை, அது இது எண்டு எழுதி வைப்பாங்கள். நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை என்ன சொல்லுவீர்?"

"மச்சாள், அவளுக்கு அஞ்சு வயசு."

"அஞ்சு வயசு கெதியிலை இருபத்தஞ்சாகிடும். சைன் வைக்காதையும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே கொஞ்சம் பயமும் வந்தது. அரசாங்கத்தார் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அடிவயிற்றில் இருக்கிறதுதான். மச்சாள் போனபிறகு படிவத்தை எடுத்து நிரப்பினேன். நிரப்புவது வேறு, கையெழுத்து வைப்பது வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாப்பாடு, நித்திரை, தடுப்பூசி எல்லாம் சுலபம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் ஏதாவது மாற்றம் நடந்ததா? வீடு மாறுதல், வேலை இழப்பு, பிரிவு, மரணம், புதுக் குழந்தை, வேறு ஏதாவது. வரிசையாக எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இல்லை என்று கோடு போட்டேன். எனக்கு முன்னால் ரிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் போன் இருந்தது, அதன் பக்கத்தில் வவுனியா, கொழும்பு நம்பர்கள் எழுதிய தாள் இருந்தது. வேறு ஏதாவது? இல்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன்.

படிவத்தை இரண்டு கிழமை கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு எனக்கொரு யோசனை வந்தது. பிள்ளை கதைக்கிறாள் என்று காட்டிவிட்டால் படிவத்துக்கு என்ன வேலை? கணவர் ஆர்ப்பாட்டத்தில் படம் எடுக்கவென்று வாங்கிய சின்னக் கமெராவைக் கதிரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, மகள் பொம்மைகளுக்கு வகுப்பு எடுப்பதை நான்கைந்து நிமிடம் பிடித்தேன். பொம்மைகளுக்கு ஏச்சு, கணக்கு, ஆங்கிலப் பாட்டு, தமிழில் நியாயம். வக்கீல் மாதிரிக் கமெராவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ரீச்சரோடு அந்த வேக்கரும் இருந்தார். நரைத்த கட்டை மயிர், சட்டையில் பிள்ளைகள் ஒட்டிவிட்ட நட்சத்திரங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட இருந்தார்.

முதல் தடவை பார்த்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு குரலா!" என்றார். எனக்கு வெற்றி. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்தத் தடவை படத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பின்னால் ஒரு ஆணின் குரல் கேட்கிறதே, யார் என்றார்.

அது ரிவி என்றேன். செய்தி. எப்போதும் போகுமா என்று கேட்டார். எழும்பினது முதல் படுக்கும்வரை என்றேன். என்ன சொல்கிறார் என்றார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது, என் மகள் பொம்மைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக் கொடுக்கும்போது பின்னால் ஓடியது என்னவென்று. ஒரு ஆஸ்பத்திரிக்கு மேல் ஷெல் விழுந்ததாம், மருந்து இல்லையாம், இன்றைக்கு வந்த காயக்காரரை மரத்துக்குக் கீழே கிடத்தியிருக்கிறார்களாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வானிலை அறிக்கை சொல்கிற குரலில்தான் சொன்னேன். ரீச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார்.

வேக்கர் மூன்றாம் தடவை போடச் சொன்னார். "இந்தச் சத்தம் என்ன?" என்று கேட்டு, உதட்டில் விரலை வைத்து, தான் கேட்டதைச் செய்து காட்டினார். ஷ்ஷ்.

அது நான். கமெராவுக்குப் பின்னால் அடுப்படியில் நின்ற நான். மகளின் குரல் ஒவ்வொரு முறை உயரும்போதும் ஒரு ஷ்ஷ். நான்கைந்து நிமிடத்துக்குள் ஏழு தடவை. அவள் ஒவ்வொரு முறையும் டக்கென்று குறைத்துக்கொண்டு போனின் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். படம் பிடிக்கும்போதும் நான் அதைச் செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது. சத்தமாகக் கதைக்கிறாள் என்று காட்ட எடுத்த படம் அது.

வேக்கருக்குப் போனைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தது. என் தம்பி யுத்தத்துக்கு நடுவில் வன்னியில் இருந்தான். அங்கிருந்து எப்போதாவது, யாரோ ஒருவருடைய போனில், வரிசையில் நின்று எங்களுக்கு ஒரு நிமிடம் அழைப்பு எடுப்பார்கள். மணி அடித்தால் எங்கள் வீட்டில் எல்லாம் நிற்கும். ரிவியின் சத்தத்தை நிறுத்துவோம், குழாயைப் பூட்டுவோம், அடுப்பில் தாளிக்கிறதை இறக்கி வைப்போம். யாரும் இருமக்கூடாது. அங்கே இருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி வரும், நாங்கள் பேசினது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், நடுவில் ஒரு சத்தம் விழுந்தால் அந்த வார்த்தை போய்விடும். ரொறொன்ரோவில் அந்த நாட்களில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே பழக்கம்தான். போன் அடிக்காதபோதும் அது அடிக்கக்கூடும் என்று சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்போம்.

அவர் படிவத்தைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

"அது அங்கே நடக்கிறது" என்றேன். "இங்கே எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை."

சொன்ன பிறகுதான் எனக்கே அது என்னவென்று வடிவாகக் கேட்டது. நான் பொய் எழுதவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யுத்தம் இருந்தது. நான் சோதனை எழுதும்போது இருந்தது, கலியாணம் கட்டும்போது இருந்தது, கப்பல் மாதிரி வயிற்றோடு ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இருந்தது. அது மாற்றம் இல்லை, அது வீட்டுச் சுவர். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வருடம்தான் அது வீட்டுக்குள் வந்தது. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு விளங்கவில்லை என்பதில் என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்படியென்றால் இதுதான் காரணமா என்று கேட்டேன். எனக்கு அடுப்பு நம்பர் வேண்டும், எந்த மா என்று தெரியவேண்டும். வேக்கர் இல்லையென்று தலையை ஆட்டினார். சில பிள்ளைகள் பிறக்கும்போதே கொஞ்சம் கூச்சத்தோடு பிறக்கிறார்கள், அதற்கு மேல் பயம் வந்து சேர்ந்தால் குரல் பூட்டிக்கொள்ளும், இதில் ஒரு காரணம் என்று கையை வைத்துச் சொல்ல முடியாது என்றார். யார் பிழை என்று தேடினால் காலம்தான் போகும். குரல் எங்கே வரை வருகிறது என்று தெரிந்தால் அங்கேயிருந்து ஒவ்வொரு அடியாக உள்ளே கூட்டிக்கொண்டு வரலாம். அது தெரிய ஒரு மாதமாவது எடுக்கும் என்றார்.

நான் கைப்பைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தேன். தபால்பெட்டி, தெரு, கம்பிவேலி, நீலக் கதவு, ஐந்தாறு அடி. அவர் அதைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் குட்டிக் கதிரையில் இருந்தே படிவத்தில் கையெழுத்து வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. மச்சாள் இதற்காக என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

ஆனால் ஒன்றை நான் அந்த மேசையில் சொல்லவில்லை. கணவருக்கும் சொல்லவில்லை. கொப்பியிலும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டியவள் நான்தான்.

புதுவருடம் பிறந்து நாலைந்து நாளில் தம்பி வன்னியிலிருந்து போன் எடுத்தான். "அக்கா" என்றான். மகள் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நத்தார் விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய பாட்டை மாமாவுக்குப் பாடிக் காட்டவேண்டுமாம். ஷ்ஷ் என்றேன். அவள் கேட்கவில்லை, பெரிய சத்தத்தில் பாடத் தொடங்கிவிட்டாள். தம்பி ஏதோ ஊரின் பெயர் சொன்னான், எங்கே போகப்போகிறோம் என்று சொன்னான், அது என் காதில் விழவில்லை. "என்ன? என்ன சொன்னனீ?" என்று கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கத்தினேன். "உன்ர சத்தத்தாலைதான் கட்டானது! உன்னாலைதான் மாமா போயிட்டார்!" அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அதுதான் அவனுடைய கடைசி அழைப்பு. அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் பள்ளிக்கூடம் திறந்தது. வெடித்த விசுக்கோத்துக்கு நாளும் நேரமும் தேடுகிற எனக்கு இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

மே மாதம் யுத்தம் முடிந்தது. முடிந்தது என்று ரிவியில் சொன்ன அன்று எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்து இருந்தார்கள், செத்த வீட்டில் இருப்பது போல, ஆனால் யார் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு, தப்பி வந்தவர்களை வைத்திருந்த முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. கணவர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். தம்பியின் பெயர் இல்லை. மகள் மேசைக்குக் கீழே பொம்மைகளோடு இருப்பாள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?

வேக்கர் ஒருமுறை மெதுவாகச் சொன்னார், சின்ன வசனத்தில், உண்மையாக, பிள்ளைக்கு ஏதாவது சொல்லி வையுங்கள் என்று. உங்கள் வீட்டுக்கு இப்படி வந்தால் தெரியும் என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே, பார்க்கலாம் என்றேன்.

மே கடைசியில் எங்கள் வேலை தொடங்கியது. ஒவ்வொரு புதன்கிழமையும் பிள்ளைகள் எல்லாம் போனபிறகு வெறும் வகுப்பறையில் நானும் மகளும் மட்டும். கதவு பூட்டியிருக்கும். தரையில் இருந்து பிளாஸ்டிக் ஆடு மாடுகளை வைத்து விளையாடவேண்டும், நான் கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எனக்குள் அந்த மாதம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஆனாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சண்டை மூட்டினேன், குதிரைக்கு வயிற்றுவலி வரவைத்தேன். முதல் நாள் அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு என் காதுக்குள், "மாடு அப்பிடிக் கத்தாது அம்மா" என்றாள். நீலக் கதவுக்கு உள்ளே. எனக்குக் கொப்பியை எடுக்க வேண்டும் போல் கை பரபரத்தது.

அடுத்த கிழமை கதவு ஒரு சாண் திறந்திருந்தது, வேக்கர் வெளியே நடையில் இருந்தார். அதற்கடுத்த கிழமை கதவு முழுக்கத் திறந்திருந்தது, அவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மகள் அந்த முதுகை நெடுநேரம் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தாள். இவ்வளவு மெதுவாக ஒரு காரியத்தைச் செய்யலாம் என்று நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் இந்த வேகத்தில் வேலை செய்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும், இன்றைக்கு எந்த அடியில் நிற்கப்போகிறது என்று பார்க்க எனக்கு ஒரு ஆவல் இருந்தது. அந்த மாதத்தில் நான் ஆவலோடு போன ஒரே இடம் அதுதான்.

பள்ளிக்கூடம் மூட ஒரு கிழமை இருக்கும்போது கடைசிப் புதன் வந்தது. வேக்கர் இந்தமுறை வகுப்பறைக்குள்ளேயே, எங்களுக்கு ஐந்தாறு அடி தள்ளி, மடியில் ஏதோ எழுதிக்கொண்டு இருப்பார். எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: அவள் எனக்குக் கேட்கக் கதைத்தால் கட்டிப்பிடிக்காதீர்கள், கெட்டிக்காரி என்று சொல்லாதீர்கள், அழாதீர்கள். விளையாட்டு நிற்கக்கூடாது. அவள் எதைக் கேட்டாலும் வீட்டில் சொல்கிற சாதாரணக் குரலில் பதில் சொல்லுங்கள்.

மகள் வேலி கட்டி ஆடுகளை உள்ளே விட்டாள். பிறகு ஒரு ஆட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, மாமா செத்துப் போட்டாரோ?"

குசுகுசுப்பு இல்லை. வீட்டுக் குரல். வேக்கருக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. அவருக்குக் கேட்டது ஆறு மாதமாக யாரும் அந்த அறையில் கேட்காத ஒரு குரல் மட்டும்தான். அவருடைய பேனை எழுதாமல் நின்றதைக் கண்டேன். சொன்னபடியே அவர் தலையை நிமிர்த்தவில்லை. சந்தோஷத்தில் காது இரண்டும் சிவந்துவிட்டன.

நான் இன்னொரு ஆட்டை எடுத்து வேலிக்குள் வைத்தேன். "தெரியாது பிள்ளை" என்றேன். "அம்மாவும் அப்பாவும் தேடிக்கொண்டிருக்கிறம்."

"கேம்பிலையும் இல்லையோ?"

முகாம் என்றோ கேம்ப் என்றோ நாங்கள் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. "இன்னும் பேர் காணேல்லை" என்றேன்.

அவள் வேலியின் சின்னக் கதவைச் சாத்தினாள். "நான் பாட்டுப் பாடினதாலையோ?"

"இல்லை" என்றேன். "லைன் தன்ர பாட்டிலைதான் கட்டானது. அண்டைக்கு அம்மா சொன்னது பொய்."

அவள் முதல் தடவையாக ஆட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் சொன்னனீங்கள்?"

கோபத்தில் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையில்லை. எதைக் கேட்டாலும் பதில் சொல்லவேண்டும்.

"பயத்திலை" என்றேன். "அம்மாவுக்குச் சரியான பயமாயிருந்தது."

"எனக்கும்" என்றாள் மகள், வகுப்பறை முழுக்கக் கேட்கும் குரலில்.